உப்புப் பார்க்காத சமையல்

அந்தக் கிழமை முழுவதும் ஒக்லண்டின் மனுரேவாவில் ஒரே கூரையின் கீழ் இரண்டு பேர் சாப்பிடாமல் இருந்தார்கள். இராசமலர் முருகனுக்காக. அவளுடைய புருஷன் மகேசன் ஜனாதிபதிக்கு எதிராக. முருகனுக்காவது விஷயம் தெரிந்திருக்கும். பென்ரோஸில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் மகேசன், பெண்சாதி சமைத்ததைத் தொடாமல் பாணும் சீஸும் தின்று தன்னை எதிர்க்கிறான் என்பது கொழும்பில் இருந்த ஜனாதிபதிக்குக் கடைசிவரை தெரியவரப் போவதில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு ஐப்பசி மாதம். ஒக்லண்டில் அது வசந்த காலம் என்று கலண்டர் சொல்லும். வெளியே போய் நின்றால் மேற்கிலிருந்து வரும் காற்று குடையைப் பிய்த்துக்கொண்டு போகும். புதிதாக வந்த ஜீ.எஸ்.ரி வரியைத் திட்டாத வாய் ஊரில் இல்லை. பஸ்ஸில், டெயரி என்னும் மூலைக்கடையில், தொழிற்சாலைத் தேத்தண்ணீர் அறையில் எல்லாரும் தங்கள் அரசாங்கத்தைத் திட்டினார்கள். நம்மவர்களுக்குத் திட்டுவதற்கு இரண்டு அரசாங்கங்கள் இருந்தன. இங்கத்தையதைச் சும்மா ஒரு ருசிக்குத் திட்டினார்கள். கொழும்பிலிருந்த மற்றதைத் திட்டும்போது குரல் மாறிவிடும்.

மற்றதிலிருந்துதான் ஒரு உதவி அமைச்சர் வரப்போகிறார் என்று கதை வந்தது. பால்மா வாங்குவதைப் பற்றிப் பேச வருகிறாராம். சனிக்கிழமை மத்தியானம் இலங்கைச் சங்கத்தார் அவருக்குப் பென்ரோஸில் ஒரு மண்டபத்தில் விருந்து வைக்கிறார்கள். அமைச்சருக்கு யாழ்ப்பாணத்துச் சமையல் என்றால் உயிராம். யாழ்ப்பாணத்து ஆட்களை என்ன செய்தாலும் யாழ்ப்பாணத்து ஆட்டுக்கறியை விடமாட்டார்கள் போலிருக்கிறது.

அந்தச் சமையலுக்குத்தான் இராசமலர் ஓம் என்று சொல்லியிருந்தாள். கேட்டு வந்தவள் குசுமா. இரண்டு பேரும் பென்ரோஸில் தொழிலாளர் மேலங்கி தைக்கும் இடத்தில் பக்கத்துப் பக்கத்து மெஷின். குசுமா குருநாகல் சிங்களத்தி, மலரும் கலியாணத்துக்கு முன்னர் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்தவள். ஆகவே சிங்களத்தில் கதைப்பார்கள். குசுமாவின் அண்ணன் றெயில்வேயில் இருந்தவர். எண்பதாம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் ஜனாதிபதி ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிய ஆயிரக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். இன்றுவரை வேலை திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது வாழைக்குலை வாங்கி விற்கிறார். ஜனாதிபதியின் பெயரைக் கேட்டாலே குசுமா ஊசியை உடைத்துப் போடுவாள். ஆனாலும் இலங்கைச் சங்கத்தின் சாப்பாட்டுப் பொறுப்பு அவளுடையது. அமைச்சரைக் கிட்டப் போய்ச் சந்திக்க இதைவிட வேறு வழி உனக்குக் கிடைக்காது, யோசித்துப் பார் என்று அவள் மலரிடம் சொன்னாள்.

மலர் யோசிக்கவில்லை. உடனே ஓம் என்று சொல்லிவிட்டாள்.

அவளுடைய தம்பி கதிர்காமநாதன், வீட்டில் நாதன், கரவெட்டிப் பக்கத்தில் கணக்கு வாத்தியார். தாய் இல்லாத பிள்ளை, மலரின் இடுப்பிலே வளர்ந்தவன். போன வருஷம் ஆவணியில் இராணுவச் சுற்றிவளைப்பில் பள்ளிக்கூடத்து வாசலில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். வழக்கும் இல்லை, குற்றமும் இல்லை. தெற்கே கடற்கரையோரம் ஒரு முகாமில் வைத்திருந்தார்கள். தகப்பன் இரண்டு முறை பஸ் மாறி மாறிப் போய், கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மகனைக் கண்டார். தலையை மொட்டை அடித்திருந்தார்களாம். மூன்றாம் முறை போனபோது வாசலில் நின்றவன், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று சொல்லிவிட்டான். அது நடந்து நான்கு மாதம். அந்த நான்கு மாதமாக மலர் ஒரு இடத்தில் ஐந்து நிமிஷம் இருந்ததில்லை. தைக்கும்போது மட்டும் இருப்பாள், அப்போதும் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

மகேசன் விஷயத்தைக் கேள்விப்பட்டது மவுண்ட் ரொஸ்கிலில், தமிழ்ச் சங்கத் தலைவர் நவரத்தினத்தார் வீட்டில் வைத்து. அவன் சங்கத்தின் செயலாளர். மண்டபத்தின் முன்னால் கறுப்புத் துண்டு கட்டிக்கொண்டு மறியல் நிற்பதற்கு ஆயத்தம் செய்யத்தான் கூடியிருந்தார்கள். நவரத்தினத்தார் இளைப்பாறிய தபாலதிபர். தேர்தல் வைக்காமல் பாராளுமன்றத்தை நீட்டினது எந்தப் பிரிவின் கீழ், ஆளை வழக்கில்லாமல் அடைப்பது எந்தச் சட்டத்தின் கீழ் என்று தொடங்கினால் எல்லாருடைய தேத்தண்ணீரும் ஆறிப்போகும். அன்றைக்கு அவர் சட்டத்தை இடையில் நிறுத்திவிட்டு, அமைச்சருக்குச் சமைக்கிறது எங்கள் செயலாளரின் மனிசியாம், உண்மையோ தம்பி என்று கேட்டார். மகேசனுக்குக் காது சுட்டது. என்ரை வீட்டை நான் பார்த்துக்கொள்ளுறன் அண்ணை என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்தவன் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. அவள் குசினியில் நின்று கோதுமை மாவைத் துணியில் கட்டி நீராவியில் வைத்துக்கொண்டிருந்தாள். இடியப்பத்துக்கு அவித்த மாதான் வேண்டும், பச்சை மா ஒட்டும்.

"நீர் ஓமெண்டு சொல்லிப்போட்டீரோ?"

"ஓம்."

"ஆரைக் கேட்டுச் சொன்னனீர்?"

"நாதனைக் கேட்டு."

அவன் சப்பாத்துக் காலோடு அடுப்படிக்கு வந்தான்.

"மலர், இஞ்சை பாரும். எத்தினை பேருக்கு எழுதினனாங்கள்? இந்த நாட்டு மந்திரி, பிஷப்மார், ஜெனீவா. ஆரை விட்டனாங்கள்? நாங்கள் வெளியிலை நிண்டு கத்த, நீர் உள்ளுக்கை நிண்டு அவனுக்கு இடியப்பம் வைக்கப் போறீரோ?"

"எழுதினீங்கள். நான் வேண்டாமெண்டனானோ? எழுதினதாலை அவன் வந்தவனோ?"

"கெஞ்சினா மட்டும் விடுவாங்களோ?"

"கெஞ்சிப் பாக்கேல்லையே இன்னும்."

அதன் பிறகுதான் அவன் அந்தச் சபதத்தைச் செய்தான். சனிக்கிழமை முடியும்வரை இந்த வீட்டுச் சட்டியில் கை நனைக்க மாட்டேன் என்றான். யாழ்ப்பாணத்தானுக்குக் கோபம் வந்தால் முதலில் சோற்றில்தான் காட்டுவான். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு மாவை அரிதட்டில் கொட்டினாள்.

திங்கட்கிழமை சஷ்டி தொடங்கியது. விடிய முழுகி, துணி அலுமாரியின் மேல்தட்டில் இருந்த முருகனுக்கு விளக்குக் கொளுத்திவிட்டு அவள் ஆறு நாள் விரதத்துக்குக் காப்புக் கட்டினாள். இரவில் ஒரு தம்ளர் பால், வேறொன்றும் இல்லை. வேலைக்கும் போனாள். மெஷினில் இருந்து எழும்பும்போது கண் இருட்டும், மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அப்படியிருந்தும் ஒவ்வொரு பின்னேரமும் மகேசனுக்கென்று பிட்டோ சோறோ செய்து மூடி வைத்தாள். அவன் அந்த மூடியைத் திறக்கவில்லை. டெயரியில் வாங்கிய பாணை மேசையின் மற்றப் பக்கத்தில் இருந்து மென்றான். மூடி வைத்தது மறுநாள் பக்கத்து வீட்டுச் சமோவாக்காரருக்குப் போனது. அந்தக் கிழமை அவர்கள்தான் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

இறைச்சி சமைப்பது பெரிய பாடாகிவிட்டது. சஷ்டி நேரத்தில் வீட்டில் மச்சம் காய்ச்ச முடியாது. ஆகவே மரக்கறியும் இடியப்பமும் மனுரேவாவில், இறைச்சியும் கட்லட்டும் மேற்குப் புறநகரான மாசியில் ஸ்ரெல்லா வீட்டில் என்று பிரித்துக்கொண்டாள். ஸ்ரெல்லா மன்னார்க்காரி, ஞாயிறு பூசை தவறாத வேதக்காரப் பெண், ஆஸ்பத்திரி சலவைப் பகுதியில் வேலை. மகேசன் காரை எடுக்க மாட்டேன் என்றுவிட்டான். ஸ்ரெல்லாவின் புருஷன் டொமினிக் வந்து வெள்ளிக்கிழமை பின்னேரம் ஏற்றிக்கொண்டு போனான்.

மாசியில் புதிய வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். றோட்டெல்லாம் சேறு. ஸ்ரெல்லாவின் குசினி யன்னலைத் திறந்தால் இன்னும் கூரை போடாத வீடொன்றின் மரச்சட்டம் தெரியும். மலர் வாயைச் சீலைத் தலைப்பால் கட்டிக்கொண்டு இறைச்சியை வெட்டினாள். இங்கே கிடாய் கிடையாது. செம்மறிதான், அதன் கொழுப்பை வழித்து எடுக்கவே ஒரு மணித்தியாலம் போகும். ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூளைக் கொட்டி, பெருஞ்சீரகம் வறுத்து, தேங்காய்ப்பாலின் இரண்டாம் பாலில் வேகவிட்டாள். கறி கொதித்து வரும்போது சட்டியின் ஓரத்தில் எழும்பும் குமிழியைப் பார்த்தே தடிப்பு எப்படி என்று சொல்லிவிடுவாள். உப்புத்தான் பிரச்சினை. விரதக்காரி நாக்கில் வைத்துப் பார்க்க முடியாதே.

ஸ்ரெல்லா அகப்பையில் தொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். உப்புக் கொஞ்சம் காணாது என்றாள். மலர் ஒரு சிட்டிகை போட்டாள். ஸ்ரெல்லா மறுபடி பார்த்தாள். அவளுக்கு உப்புப் பார்க்கும் சாட்டில் வயிறு நிறைந்துகொண்டிருந்தது.

"உங்கடை முருகன் இறைச்சிக்குக் கோவியாரோ அக்கா?"

"என்ரை வீட்டிலை காய்ச்சினாத்தான் கோவிப்பார். மாசிக்கு அவர் வரமாட்டார், பஸ் இல்லை."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் மலர் அமைச்சரிடம் கேட்கப்போவதைச் சிங்களத்தில் சொல்லிப் பார்த்தாள். பெயர், வயது, படிப்பித்த பள்ளிக்கூடம், பிடித்த நாள், தகப்பன் கம்பிக்குள் கண்டது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும், இடையில் நிறுத்தினால் ஆள் திரும்பிவிடுவார். வெங்காயம் உரிக்கும்போதும் சொன்னாள், கட்லட் உருட்டும்போதும் சொன்னாள். ஸ்ரெல்லாவுக்குச் சிங்களம் தெரியாது. தெரியாவிட்டாலும் மூன்றாம் முறையில் குரல் எங்கே உடைகிறது என்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அந்த இடத்திலை மூச்சு விடாதேங்கோ அக்கா, அழுதா அவையள் தப்பிப் போடுவினம் என்றாள். இரவு டொமினிக் அவளை மனுரேவாவில் கொண்டுவந்து விட்டான்.

சனிக்கிழமை விடிய மகேசன் தானாகவே கார்ச் சாவியை எடுத்தான். டொமினிக்குக்கும் ஸ்ரெல்லாவுக்கும் அன்றைக்கு வேலை. இவ்வளவு சட்டியையும் அவளால் றெயினில் கொண்டுபோக முடியாதென்பது பகிஷ்கரிப்புக்காரனுக்கும் தெரியும். மாசிக்குப் போய் இறைச்சிச் சட்டியையும் ஏற்றி, பின் இருக்கையில் தேங்காய்ப்பால் சொதி சிந்தாமல் அவள் பிடித்துக்கொண்டிருக்க, மோட்டர்வேயில் அவன் என்றுமில்லாத மெதுவாக ஓட்டினான்.

மண்டபத்தின் பின்கதவால் சட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிக் குசினியில் வைத்தான். கடைசிச் சட்டியை வைத்ததும் கையைத் துடைத்தான். சட்டைப் பையில் இருந்த கறுப்புத் துண்டை எடுத்து, ஒரு கையாலே கட்ட முடியாமல் அவளிடம் கையை நீட்டினான். அவள் முடிச்சுப் போட்டுவிட்டாள். அவன் மண்டபத்தைச் சுற்றி முன்பக்கம் போய், நடைபாதையில் நின்ற தன் ஆட்களோடு அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வழக்கில்லாமல் அடைத்து வைத்தவர்களை விடு என்று ஜனாதிபதிக்கு ஆங்கிலத்தில் எழுதிய அட்டை. எழுத்து அவனுடையதுதான். சங்கத்தில் அவனுக்குத்தான் வடிவான கையெழுத்து.

மழை தூறியது. ஒரு பொலிஸ்காரன் எதிர்ப்புறம் நின்று கொட்டாவி விட்டான். றெயில் பாதைக்கு அப்பால் தொழிற்சாலைகள் பூட்டிக் கிடந்தன. கோஷம் போட்டால் காற்றுத்தான் கேட்டது. அமைச்சரின் கார் வந்தபோது நவரத்தினத்தார் தொண்டை கிழியக் கத்தினார். பிறகு இருமல் வந்து மதில் ஓரமாக இருந்துவிட்டார்.

உள்ளே, மேசையில் சட்டிகள் வரிசையாக இருந்தன. அமைச்சரோடு வந்த பாதுகாப்பு அதிகாரி குசினிக்குள் வந்தான். வயது நாற்பதுக்குள், மரியாதையான ஆள். சமைத்தது யார் என்று கேட்டான். மலர் நான் என்றாள். பெயர் கேட்டான். தமிழ்ப் பெயர் என்றதும், தவறாக நினைக்க வேண்டாம், எங்கே போனாலும் இதுதான் ஒழுங்கு, சமைத்தவர் எல்லாவற்றிலும் ஒரு கரண்டி எங்கள் முன்னால் சாப்பிட வேண்டும் என்றான். ஒரு தட்டையும் கரண்டியையும் எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

இதை அவள் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. என்னென்ன கேள்வி வரும், என்ன பதில் சொல்லலாம் என்றெல்லாம் யோசித்தவள், தன் கையால் சமைத்ததைத் தன்னையே தின்னச் சொல்வார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை. இது சஷ்டி, ஆறாம் நாள், நாளைக்கு விடியத்தான் பாறணை, தம்பிக்காகப் பிடிக்கிற விரதம் என்று சொன்னாள். தம்பியைப் பற்றி இவனிடம் சொன்னது பிழையோ என்று உடனேயே பயமும் வந்தது. அதிகாரி தலையாட்டிக் கேட்டான். கேட்டுவிட்டு இறைச்சிச் சட்டியைப் பார்த்தான். சமைத்தவள் சாப்பிட மறுக்கிறாள். அவனுக்கு அது மட்டும்தான் தெரிந்தது. அவனையும் குறை சொல்வதற்கில்லை, அவனுடைய தொழிலே அதுதான். தன் சனத்தின் கையால் ஒரு வாய் சாப்பிடப் பயப்படுகிற அரசாங்கம் அப்படியான ஆட்களைத்தான் கூட்டிக்கொண்டு திரியும்.

குசுமா நான் சாப்பிடுகிறேன் என்றாள். நீங்கள் சமைக்கவில்லையே என்றான். அப்படியென்றால் அமைச்சர் தேநீரோடு போய்விடுவார், சாப்பாட்டைத் திருப்பிக் கொண்டுபோகலாம் என்றான். குரலில் கோபம் எதுவும் இல்லை.

மலர் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதைத் தின்றால் விரதம் முறியும், முருகன் கைவிடுவான். தின்னாவிட்டால் அமைச்சரின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது. இரண்டு பக்கமும் நாதன்தான் நின்றான்.

குசுமா பின்கதவால் வெளியே போனாள். பட்டுச் சேலையோடு மழைக்குள் சுற்றி வந்து, அட்டைகளோடு நின்ற தமிழர்களுக்கு நடுவில் புகுந்து மகேசனைப் பிடித்தாள். அவளைக் கண்டதும் நம்மவர்கள் கோஷத்தைக் கூட்டினார்கள். அவள் அதைக் கவனிக்கவில்லை, உள்ளே நடப்பதைச் சிங்களத்தில் இரண்டு வசனத்தில் சொன்னாள். நவரத்தினத்தார் எழும்பி வந்தார். நீ உள்ளுக்கை போனியெண்டா நாளைக்கு எங்களை ஒருத்தரும் மதிக்கமாட்டினம், மறியல் முறிஞ்சு போகும் என்றார். மகேசன் அட்டையை அவர் கையில் கொடுத்தான்.

"அண்ணை, இதைப் பிடியுங்கோ. நனையாமல்."

குசினிக்குள் வந்தவனின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையில் கறுப்புத் துண்டு. அதிகாரி அதைப் பார்த்தான். சமைத்தது நான்தான் என்று மகேசன் சிங்களத்தில் சொன்னான். இவள் என்ரை மனுசி, கூடமாட நின்றவள், விரதக்காரி ஒன்றையும் வாயில் வைக்காமல் எப்படிச் சமைக்கிறது என்று கேட்டான். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தபடியால் அதிகாரி விலகி வழிவிட்டான். மகேசன் மலரின் கையிலிருந்து தட்டை வாங்கினான்.

ஒவ்வொரு சட்டியிலும் ஒரு கரண்டி. சம்பல், கத்தரிக்காய்க் குழம்பு, சொதி, கட்லட். அவனும் சஷ்டிக் கிழமையில் மச்சம் தொடாதவன், பெண்சாதிக்குப் பயந்தாவது. இறைச்சியை வாயில் வைத்தபோது அவன் கண் கலங்கிவிட்டது. உறைப்பாகவும் இருக்கலாம். ஒரு கிழமையாகப் பாண் தின்ற நாக்கு. அதிகாரி போதும் என்று சொன்ன பிறகும் அவன் இறைச்சிச் சட்டிக்குள் இன்னொரு தரம் கரண்டியை விட்டான். வெட்கமாக இருந்தது, ஆனாலும் விட்டான். யன்னல் கண்ணாடிக்கு வெளியே, அவனுக்குப் பின்னாலேயே சுற்றி வந்த நவரத்தினத்தாரும் மற்றவர்களும் தங்கள் செயலாளர் அமைச்சரின் விருந்தைச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோஷம் எப்போது நின்றதென்று தெரியவில்லை.

கால் மணித்தியாலம் அவனைக் குசினி வாசலில் ஒரு கதிரையில் இருத்தி வைத்துப் பார்த்தார்கள். சாகவில்லை. அமைச்சர் சாப்பிட வந்தார்.

நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். கரண்டியைத் தள்ளிவிட்டுக் கையால் சாப்பிட்டார். இடியப்பத்தைச் சொதியில் நனைத்து, இறைச்சிக் குழம்பையும் சேர்த்துக் குழைத்து உருட்டும் விதத்திலேயே ஆள் ருசி தெரிந்தவர் என்று மலருக்கு விளங்கியது. இந்தச் சுவையை மறந்து எத்தனை நாள், யார் சமைத்தது, கூப்பிடுங்கள் என்றார். குசுமா அவளை முன்னால் தள்ளினாள். மலர் சொதிப் பாத்திரமும் அகப்பையுமாகப் போய் நின்றாள்.

சொன்னாள். நாதனின் பெயர், வயது, பள்ளிக்கூடம், பிடித்த நாள். ஸ்ரெல்லா சொன்ன இடத்தில் மூச்சு விடவில்லை. அழவில்லை. அப்பா இரண்டு முறை கம்பிக்குள் கண்டார், இப்போது இல்லை என்கிறார்கள், எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் சொன்னால் போதும், விடச்சொல்லிக்கூடக் கேட்கவில்லை என்றாள். அந்தக் கடைசி வசனம் அவள் முன்னர் சொல்லிப் பார்த்ததில் இல்லை.

அமைச்சர் மெல்லுவதை நிறுத்தாமல் கேட்டார். விழுங்கிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பரிவும் இருந்தது.

"தங்கச்சி, நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள். யாரோ உங்களைப் பயமுறுத்துகிறார்கள். அப்படி ஒரு முகாமே இல்லை. எங்கள் ஜனாதிபதியின் ஆட்சியில் ஒருவரையும் வழக்கில்லாமல் வைத்திருப்பதில்லை."

"அப்பா கண்டவர்."

"வயதானவர்களுக்குக் கண் சரியாகத் தெரியாது." இன்னும் கொஞ்சம் சொதி விடச்சொல்லி அவர் தட்டை நீட்டினார்.

மலர் அகப்பையைப் பாத்திரத்துக்குள் வைத்தாள். பாத்திரத்தை மேசையில் வைத்தாள். பிறகு அவர் நீட்டிய தட்டை இரண்டு கையாலும் பிடித்து, அவர் கையிலிருந்து வாங்கினாள். பாதி இடியப்பம் அதில் இருந்தது. அமைச்சர் மறு பரிமாறலுக்கென்று நினைத்து விட்டுக்கொடுத்தார். அவள் தட்டோடு திரும்பி நடந்தாள். ஒரு விருந்தாளியின் முன்னாலிருந்து பாதியில் தட்டை எடுப்பதென்றால் என்னவென்று அந்த மண்டபத்தில் இருந்த சிங்களவருக்கும் தெரியும், தமிழருக்கும் தெரியும். அமைச்சர் எச்சில் கையை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி, துடைக்க இடமில்லாமல் நின்றார். குசுமா போய்ச் சட்டிகளை ஒவ்வொன்றாக மூடத் தொடங்கினாள்.

அதிகாரி குசினிவரை வந்தான். மகேசன் எழும்பிக் குறுக்கே நின்றான். அதிகாரி தட்டைப் பார்த்தான், மலரைப் பார்த்தான், திரும்பிப் போனான்.

சட்டிகளைத் தூக்கிக்கொண்டு இருவரும் வெளியே வந்தபோது நம்மவர்கள் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். மண்டப யன்னலால் எல்லாவற்றையும் கண்டிருந்தார்கள். மகேசன் சாப்பிட்டதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நவரத்தினத்தாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாங்கள் வருஷக்கணக்காய்க் கத்தினதை நீ ஒரு நிமிஷத்திலை செய்துபோட்டாய் பிள்ளை என்று அவள் தலையில் கை வைத்தார். யாரோ கை தட்டினார்கள். மலருக்கு அந்தக் கைதட்டல் காதில் அறைந்ததுபோல் இருந்தது. ஏன் தட்டுகிறார்கள் என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மகேசன் சட்டிகளைக் காருக்குள் வைத்துப் பின்கதவைச் சாத்திவிட்டு வந்தான். அவள் அவனுடைய நனைந்த சட்டையைப் பிடித்தாள்.

"நான் அவன்ரை பேரையும் சொல்லிப்போட்டன், ஊரையும் சொல்லிப்போட்டன். பிறகு தட்டையும் பறிச்சுப்போட்டன். இனி அவனை ஏதும் செய்வாங்களோ?"

மகேசனுக்கு அவளைத் தேற்றுவதற்கு அந்த நேரத்தில் வேறொன்றும் வரவில்லை.

"அப்பிடி ஒரு இடமே இல்லையெண்டு சபையிலை சொல்லிப்போட்டானே, மலர். இல்லாத இடத்திலை இருக்கிறவனை என்ன செய்யிறது?"

அவள் அவனையே பார்த்தாள். ஆறு நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவளின் முகம் அப்போதுதான் உடைந்தது.

"என்னவும் செய்யலாம்" என்றாள்.

மகேசன் அவளுடைய தோளைப் பிடித்து மழைக்குள்ளேயே நின்றான்.